எந்த ஜக்கில் ஜின்?

இன்று காலை சோடாப் போத்தலின் மூடியைத் திருகியதும் அது பொங்கி வழிந்து என் கை, மேசை, சுவரில் தொங்கும் காலண்டர் எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. "கார்ல குலுங்கி வந்ததை உடனே திறக்காதடி, கொஞ்சம் தூங்கவிடு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! மறந்துவிட்டேன். நனைந்த சட்டையோடு அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் ஐந்தாம் மாடி, நீ ஆறாம் மாடி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக முப்பது வருடம் இருந்தவள் நீ. எதையும் அளக்காமல் ஊற்றமாட்டாய். ஆனால் உன் அளவுக் குவளை என்னவோ இருமல் மருந்துப் போத்தலின் பிளாஸ்டிக் மூடிதான். ஒரு கிளாசுக்கு மூன்று மூடி ஜின். லிமாவ் கஸ்தூரி என்னும் குட்டி எலுமிச்சை ஆறு, குறுக்கே வெட்டி, விதை விழாமல் வடிகட்டியில் பிழிய வேண்டும். வெந்நீரில் ஊறிய, அசாம் போய் என்னும் உப்பிட்ட உலர் பிளம் இரண்டு; அந்த உப்புப் புளிப்பு இல்லாவிட்டால் அது வெறும் எலுமிச்சைத் தண்ணீர் என்பாய். செராய் என்னும் எலுமிச்சைப் புல் போட்டுக் காய்ச்சிய சீனிப்பாகு கொஞ்சம். புதினாவை நசுக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து ஒரே அறை. பிறகு ஐஸ், கடைசியில் சோடா, கிளாசின் ஓரமாக மெதுவாக. வெயில் கொளுத்தும் சனிக்கிழமைகளில் உன் பால்கனியில் உட்கார்ந்து, கீழே ரயில் போவதைப் பார்த்தபடி ஆளுக்கு ஒரு கிளாஸ். அதற்கு மேல் நீ தரமாட்டாய்.

அந்தச் சனிக்கிழமை உனக்கும் நினைவிருக்கும்தானே? என் மகள் கவிதாவைப் பெண் கேட்டுத் தினேஷின் அப்பா அம்மா வந்த நாள். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், இரண்டு தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். வீட்டைத் துடைத்து, சமைத்து, சேலை கட்டி முடிக்கும்போது ஏர்கோன் நின்றுவிட்டது. கடைக்குப் போன் அடித்தால், "திங்கட்கிழமைதான் வர முடியும் அக்கா" என்றான். நான் அழுதுகொண்டே உன் கதவைத் தட்டினேன்.

"அழாதடி. வெயில்ல வர்றவங்களுக்கு முதல்ல தொண்டை நனையணும். ஜக்கு எடு" என்றாய்.

என் வீட்டுக்கு இறங்கி வந்து இரண்டு ஜக் செய்தாய். ஒன்றில் ஜின், வருகிறவர்கள் விரும்பினால். இன்னொன்றில் இல்லை. அடையாளத்துக்கு ஜின் இருந்ததில் ஒரு செராய்த் தண்டைச் செருகிவிட்டு, ஐஸ் எடுத்துவர மேலே போனாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதற்றத்தில், என்னடா இது புல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

உண்மையில் என் பதற்றம் ஏர்கோனைப் பற்றியது அல்ல. கவிதாவின் அப்பா எங்கே என்று அவர்கள் கேட்டபோது, ஆஸ்திரேலியாவில் வேலை என்று போனில் சொல்லியிருந்தேன். பதினோரு வருடத்துக்கு முன்பே அவர் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டதை நீ அறிவாய், கவிதா அறிவாள், தினேஷும் அறிவான். "சொல்லிடுங்கம்மா" என்று அவள் ஒரு மாதமாகக் கெஞ்சினாள். எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் தினேஷோடு வந்தார்கள். வியர்த்து வழிய உட்கார்ந்தார்கள். தினேஷின் அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு ஜக்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். அவர் கிளாசை உதட்டருகே கொண்டுபோன நேரம், ஐஸ் வாளியோடு நீ உள்ளே வந்தாய். மேசையைப் பார்த்தாய். முகம் மாறியது.

"அண்ணே, ஒரு நிமிஷம்! குடிக்காதீங்க!"

கிளாசோடு அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அதுல ஜின் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடையாளம் வெச்சிருந்தேன், காணோம். இப்ப எனக்கே தெரியல லா."

என் உயிர் போய்விட்டது. அவர் கிளாசை மெல்லக் கீழே வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நீங்களே ருசி பார்த்துச் சொல்லுங்கோ. ஜின் எதில இருக்குதோ, அதை இந்தப் பக்கம் தள்ளி வையுங்கோ."

"டாக்டர் என்ன சொன்னவர்?" என்றார் அவர் மனைவி.

"டாக்டர் இங்க இல்லையே!"

தினேஷ்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். பிறகு எல்லோரும். நீ கரண்டியால் இரண்டையும் சுவைத்து, ஒரு ஜக்கை அவர் பக்கம் தள்ளினாய். அந்த அம்மாவும் தன் கிளாசை அதே ஜக்கின் பக்கம் நகர்த்தியதைப் பார்த்துக் கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கும்போதே அந்த அம்மா கேட்டார், "கவிதாட அப்பா எப்ப வருவார்?"

நீ எனக்கு உதவிக்கு வரவில்லை. ஐஸை அள்ளிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்கு முன்தான் நீ இந்த அறையின் நடுவில் நின்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தாய். யாரும் செத்துப்போகவில்லை.

"அவர் வரமாட்டார்" என்றேன். "ஆஸ்திரேலியான்னு சொன்னது பொய். எங்களை விட்டுட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"அப்ப தாரை வார்க்க ஆர் நிக்கிறது?"

"நான்தான்." எப்படி வந்தது அந்தச் சொல் என்று இன்றும் தெரியவில்லை.

"சரி" என்றார். ஒரு மிடறு குடித்தார். "அப்ப நீங்கள் பச்சைச் சேலை எடுக்காதேங்கோ. நான் பச்சைதான் எடுத்திருக்கிறன்."

அடுப்படிக்கு ஓடிப்போய் நான் அழுததும், நீ பின்னாலேயே வந்து என் முதுகில் தட்டி, "ஏய், சோறு ஆறுது" என்றதும் உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

கிள்ளான் கோயில் மண்டபத்தில் கல்யாணம். நான் அரக்குச் சேலை. கவிதாவின் கையை நான் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று நீர் வார்க்க ஓர் ஆள் வேண்டும். "யாரம்மா ஊத்துறது?" என்று குருக்கள் தயங்கியபோது நீ செம்பை எடுத்துக்கொண்டாய்.

"நான்தான் சாமி. ஊத்துறதுல எனக்கு நல்ல பழக்கம்."

மணவறையில் சம்பந்தி சிரித்த சிரிப்பு வீடியோவில் அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டுகூட வீணாகவில்லை.

போன வருடம் நீ போனது ஒரு வாரக் காய்ச்சலில். சம்பந்தியம்மா பூச்சோங்கிலிருந்து வந்து மூன்று நாள் என்னோடு படுத்துக்கொண்டார். இன்று மதியம் சம்பந்திகள் இரண்டு பேரும் சாப்பிட வருகிறார்கள்.

போன மாதம் கண் பரிசோதனைக்குப் போனேன். பதிவு செய்யும் பெண், "ஆன்டி, ஹஸ்பண்ட் பேரு?" என்றாள்.

"விட்டுட்டுப் போயிட்டாரும்மா. மகள் பேரைப் போட்டுக்கோ."

அவள் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எனக்கு நாள் முழுக்கச் சோறு இறங்காது. அன்று வெளியே வந்ததும் அப்படியொரு பசி. வாழையிலைக் கடையில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்து, உன் பங்கு அப்பளத்தையும் நானே தின்றுவிட்டு வந்தேன்.