செவ்வாயில் காற்று, பிரிஞ்சாங்கில் ஓலை

கிருனா, சுவீடன்
5 அக்டோபர் 2025

அன்புள்ள ரயன்,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். டிசம்பர் கடைசியில் வைத்த நம் கல்யாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு தள்ளலாமா?

சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று நடந்து, அதன் காற்று செவ்வாயைப் போய் அடித்திருக்கிறது. நம் பூமியைச் சுற்றிக் காந்தப்புலம் நிற்பதால் நமக்குக் கவலையில்லை. செவ்வாய் அதை எப்போதோ இழந்துவிட்டது. சூரியக் காற்று அதன் மேல்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போகிறது. தெற்கே சில இடங்களில் மட்டும் பாறைக்குள் பழைய காந்தம் ஒட்டியிருக்கிறது. அங்கே சூரியக் காற்று தள்ளியே நிற்கும். இந்த அடியை அந்த இடங்கள் தாங்கினவா என்று விண்கலத்தின் அளவுகளைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்திருக்கிறது, முடிய மாதக் கணக்காகும்.

நீ வேண்டாமென்றால் டிசம்பரிலேயே வந்துவிடுவேன். ஆனால் மனசு நிறைந்து வரமாட்டேன்.

உன் ஃபியோனா

பிரிஞ்சாங்
27 அக்டோபர் 2025

செவ்வாய்க்காரிக்கு,

முதலில் கோபம்தான் வந்தது. தேயிலை ஃபேக்டரி மாடியில் பச்சை இலையைப் பரப்பி, விசிறி விட்டு ஈரத்தை உருவுவதே என் பிழைப்பு. அங்கே சூரியனுக்கும் அதே வேலையா என்று தனியாகச் சிரித்துவிட்டேன். அதோடு கோபம் போயிற்று.

ஆனால் அவசரக்குடுக்கை நான், நம் கல்யாண அறிவிப்பை, அதான் ஓலையை, இப்போதே வாசிக்கச் சொல்லியிருந்தேன். உன் கடிதம் வருவதற்குள் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. நேற்று மூன்றாவது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று பாதர் நிறுத்தினார். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்துவிட்டேன்.

"தடை இல்ல பாதர். தேதி மட்டும் கொஞ்சம் மாத்தணும் லா."

மாப்பிள்ளையே எழுந்ததைப் பார்த்துக் கோயில் மொத்தமும் திரும்பியது. அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் வலிக்கிறது. ஓலை ஆறு மாதம் செல்லும் என்று பாதர் சொன்னார். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை குறித்துவிட்டேன். பக்கத்து ஊர் திரிங்காப்பில் டிசம்பருக்குப் பூ சொல்லிவைத்த அம்மா மட்டும் என்னோடு பேசுவதில்லை.

உனக்கு அந்தத் தேதி சரிதானே? உன் பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ரயன்

கிருனா
14 நவம்பர் 2025

என் ரயன்,

படித்துவிட்டு ஆபீசிலேயே அழுதேன், பிறகு சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி பயந்துவிட்டாள்.

அளவுகள் வந்துவிட்டன. அன்று காற்று அந்த இடங்களை நன்றாக அமுக்கியிருக்கிறது. சுருங்கின, ஆனாலும் விடவில்லை. மார்ச்சுக்குள் எழுதி முடித்துவிடுவேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று, ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே வந்துவிடுவேன். அத்தையிடம் அதே பூவை மறுபடி சொல்லச் சொல். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

என் பக்கமும் தடை இல்லை.

ஃபியோனா