நாவலடிச்சேனைத் தாங்கிக்குள் இருந்தவர்கள்

அனுப்புநர்:
எம். ஏ. சி. இஸ்ஸதீன்,
கருவாட்டு வாடி உரிமையாளர்,
நாவலடிச்சேனை, கற்பிட்டி.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், கற்பிட்டி.

விடயம்: நாவலடிச்சேனைப் பயோகேஸ் தாங்கியை மண் போட்டு மூடுவதை நிறுத்தி, அதன் பராமரிப்பாளர் சி. யோகராசாவை மீண்டும் வேலைக்கு எடுத்தல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வளவும் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். தாங்கி நின்றுபோகும், சங்கம் பதறும், அப்பாவி ஒருவர் மாட்டுப்படுவார் என்று ஹஜ்ஜுப் பெருநாளன்றே தேத்தண்ணிக் கடையில் வைத்து அறிவித்தேன். கேட்டவர்கள் இருபது பேருக்குக் குறையாது. ஒருவரும் எழுதி வைக்கவில்லை, அது என் பிழையல்ல.

2. மேற்படி தாங்கியை 2011இல் எமது கிராம அபிவிருத்திச் சங்கம் கட்டியது. மாட்டுச் சாணமும் மீன்குடலும் உள்ளே போகும், எரிவாயு குழாய் வழியே பாலர் பாடசாலைச் சமையலறைக்கு வரும். கட்டியவர் மேசன். ஆனால் உயிர் கொடுத்தது நானும், யுத்த காலத்தில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து எம்மூரில் குடியேறிய யோகராசாவும். முன்னேஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் ஓடிக்கொண்டிருந்த தாங்கியிலிருந்து ஆறு பரல் பழைய கரைசலை, தயிருக்கு உறை எடுப்பது போல, என் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தோம். காற்றுப் பட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் செத்துவிடும் என்று யோகராசா வழி முழுவதும் பரல் மூடிகளின் மேல் மாறி மாறி உட்கார்ந்து வந்தார். சிலாபம் தாண்டிப் பாலாவி வரும் வரை எங்கள் பின்னால் ஒரு வாகனமும் நிற்கத் துணியவில்லை. அப்படிச் சிரித்த பயணம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. நாற்பத்தோராம் நாள் நான் நெருப்புக்குச்சி உரசினேன். நீலச் சுடர் எழுந்தது. என் இரண்டு புருவமும் போயின. இடது புருவம் இன்னும் மெல்லிசுதான், நேரில் காட்டத் தயார்.

3. தாங்கிக்குள் இருப்பவர்களைப் பற்றித் தாங்கள் அறிந்திருப்பீர்கள், ஆயினும் நான் சொன்னால் இன்னும் விளங்கும். ஒரு கரண்டிக் கரைசலில் இலங்கைச் சனத்தொகையை விட அதிகம் நுண்ணுயிர்கள் உண்டு. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, கண்டியிலிருந்து வந்த ஒரு பட்டதாரி என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனார். அவர்கள் கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட அமர்ந்தவர்கள் மாதிரி. முதல் கூட்டம் பெரிய துண்டுகளைப் பிய்க்கும். அடுத்தது அதைப் புளிக்க வைக்கும். கடைசியில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக்கும். அந்தக் கடைசிக் கூட்டம்தான் ஆறுதலாகத் தின்பது, ரோசக்காரரும் கூட. காற்று ஆகாது, உப்பு ஆகாது. அவர்கள் எழும்பிப் போனால் சஹன் முழுதும் புளித்து நாறும், வாயு வராது.

யோகராசா இவர்களை மரியாதையாகவே பேசுவார். மீன்குடலைக் கூடக் கொஞ்சம் போடுவோம் என்று நான் அவசரப்பட்டால், “இஸ்ஸதீன் நானா, உவையளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வாளி காணும். பசியெண்டு நினைச்சு அள்ளிக் கொட்டாதேங்கோ, செமியாது” என்பார். காலை ஏழு மணிக்கு மூடியில் காதை வைத்துக் கேட்பார். நானும் மறுபக்கம் காதை வைப்பேன். உள்ளே குமிழி வெடிக்கும் சத்தம், மழைக்கு முன் களப்பில் மீன் வாய் வைப்பது போல இருக்கும். பதினான்கு வருடம் எங்கள் காலை அப்படித்தான் விடிந்தது.

4. 2022இல் நாடு முழுதும் கேஸ் சிலிண்டருக்கு வீதியில் வரிசை நின்றபோது எமது அடுப்பு ஒரு வேளையும் அணையவில்லை. அந்த நோன்பில் சமையல்காரி றஹ்மத் உம்மா பள்ளிவாசல் கஞ்சியையும் அதே அடுப்பில் காய்ச்சினார். உச்சமுனைத் தீவிலிருந்து தோணியில் வந்து கஞ்சி வாங்கிப் போனார்கள். யோகராசாவின் மனைவி சரோஜாதேவி அகப்பை பிடித்தார். நான் மேற்பார்வை செய்தேன். அந்த முப்பது நாளும் இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு நிறைகிறது.

5. இவ்வாறிருக்க, கடந்த 2025.08.15 வெள்ளிக்கிழமை, ஊர் முழுதும் ஜும்ஆத் தொழுகையில் இருந்த நேரத்தில், அடையாளம் தெரியாத பச்சை நிற லொறி ஒன்று வந்து, நான்கு பரல் கருவாட்டு உப்புத் தண்ணீரைத் தாங்கிக்குள் ஊற்றிவிட்டுப் போய்விட்டது. சாரதிக்கு மீசை இருந்தது. ஐந்தாம் நாள் றஹ்மத் உம்மா என் வாசலுக்கே வந்து, “இஸ்ஸதீன், அடுப்பு மஞ்சளாப் பத்துது, தாங்கி ஊதாமக் கெடக்கு. என்னத்தக் குடுத்தீங்க அதுக்கு?” என்று பொதுவாகக் கேட்டார். பத்தாம் நாள் சுடர் அணைந்தது.

6. சங்கக் கூட்டத்தில் இந்த லொறியைப் பற்றி நான் விபரமாக எடுத்துரைத்தேன். தலைவர் மஸாஹிர் உடனே யோகராசாவின் பக்கம் திரும்பி, “நாங்க எல்லாரும் பள்ளியில. நீங்க மட்டும்தானே அங்க நிண்ட? லொறி வந்தது தெரியல்லயா, இல்லாட்டித் தெரிஞ்சும் விட்டீங்களா?” என்றார். யோகராசா, “ஒரு லொறியும் வரேல்லை” என்று மட்டும் சொன்னார். பொய் சொல்கிறார் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். காது மந்தமாகிவிட்டது, லொறிச் சத்தம் கேட்டிருக்காது என்று நான் அவருக்காக வாதாடினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு மூடிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவரும் மனைவியும் இம்மாதம் இருபதாம் திகதி வன்னிக்கே திரும்பிப் போகச் சாமான் கட்டுகிறார்கள். பதினெட்டாம் திகதி சங்கத்தார் தாங்கிக்கு மண் போடப்போகிறார்கள்.

7. ஆகவே தாங்கள் மண் போடுவதைத் தடுக்க வேண்டும். உப்பேறிய கரைசலை இறைத்து, நல்ல தண்ணீரும் சாணமும் விட்டு, முன்னேஸ்வரத்திலிருந்து மறுபடி ஆறு பரல் உறை கொண்டுவர அனுமதி தர வேண்டும். வாகனம் என்னுடையது. ஆனால் மூடியின் மேல் உட்கார யோகராசா வேண்டும். எத்தனை வாளி, எந்த நேரம் என்பது அவருக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

8. ஐயா, ஐந்தாம் பந்தியிலுள்ள லொறி வரவில்லை. அதற்கு முதல் நாள் வியாழக்கிழமை அஸர் தொழுகை நேரம், யோகராசாவைச் சாணம் எடுத்துவர அனுப்பிவிட்டு, என் வாடியில் கருவாடு ஊறிய உப்புத் தண்ணீரை நான்தான் ஊற்றினேன். அடுத்த வாரம் வெளியூர்க்காரர் தாங்கி பார்க்க வருவதாக இருந்தது. மீன்குடலுக்கே சாண் உயரம் எரிகிறதென்றால் கருவாட்டுச் சாற்றுக்கு முழ உயரம் எரியும் என்று அவர்களுக்குக் காட்ட நினைத்தேன். ஜும்ஆ நேரம் என்று சொன்னது, நானும் பள்ளியில் இருந்தேன் என்று ஆகட்டும் என்பதற்காக. அந்த நேரம் பள்ளிக்கு வராதவர் ஊரில் ஒருவர்தான் என்பது என் வாயிலிருந்து வார்த்தை போன பிறகே எனக்கு உறைத்தது. யோகராசாவின் காது நன்றாகக் கேட்கும். இந்த மனுவைக் கிழித்துவிட்டு லொறி இல்லாமல் எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் நான் சொன்ன பொய் உங்களுக்குத் தெரியாமல் போகும், அவர் சொன்ன உண்மையும் தெரியாமல் போகும். இருபதாம் திகதிக்கு முன் சங்கத்தைக் கூட்டி, இந்த எட்டாம் பந்தியை யோகராசாவுக்கு முன்னால் உரத்து வாசிக்க உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வாசிக்க ஆளில்லாவிட்டால் நானே வாசிக்கிறேன்.

இடம்: நாவலடிச்சேனை
திகதி: 2025.10.06

இங்ஙனம், ஊற்றியவன்,
எம். ஏ. சி. இஸ்ஸதீன் (ஒப்பம்)

பிரதி: ஜனாப் மஸாஹிர், தலைவர், கிராம அபிவிருத்திச் சங்கம்.