மாதா சிலைக்குப் பின்னால்

லியோனிலாவுக்கு,

கனடா வந்து வின்னிபெக்கில் நாம் எடுத்த முதல் மாதா திருவிழாவில், தையல் ஆலைப் பெண்கள் எல்லார் முன்னாலும் நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

"நீ போய் பன்சித் நூடுல்ஸைக் கிண்டுடி. மேடையெல்லாம் படிச்சவங்க நாங்க பாத்துக்கறோம்."

கிண்டினேன். அந்த அடுப்படிக்குப் பசியோடு வந்த மணிலாப் பெண்களுக்கெல்லாம் வேலையும் வீடும் தேடிக் கொடுத்தேன். அவர்கள்தான் இந்த வருஷம் என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "லோலா, எங்க பாட்டி, திருவிழாத் தலைவி நீங்கதான்" என்றார்கள்.

ஊர்வலத்தில் சிலைக்குப் பின்னால் தன்னோடு யார் வருவது என்று தலைவிதான் சொல்ல வேண்டும். உன் பெயரைச் சொன்னேன்.

நடக்க முடியாது என்று சாக்குச் சொல்லாதே. உன் சக்கர நாற்காலியை நான் தள்ளுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

இப்படிக்கு,
பன்சித் கிண்டியவள்