மூடிய ஷெட்டில் ஓடிய இன்ஜின்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எப்போதும் என் நினைப்பு. இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார், உயிருக்கு ஒன்றும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியிலேயே பதறிப்போய்க் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா.

நீ செல்லில் அனுப்பியிருந்ததைப் படித்தேன். அப்பா, இன்னும் எம்மேல கோவமா என்று நீ போனில் கேட்டாயாம், அவர் ஆமா ஆமா என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டாராம், அவர் வாயாலேயே சொன்ன பிறகு இனி நான் யாரிடம் பேசுவது என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடவும் இல்லை. போகாதே என்று அவர் தடுத்த வேலைக்கு நீ போனாய், உன்னை வழியனுப்பவும் அவர் வரவில்லை, அதெல்லாம் நடந்ததுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆமாவுக்கு வேறு கதை இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் அவர் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், என் முகம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் அவர் மத்தியானம் கண் அசந்த நேரமாகப் பார்த்து, தையல் மிஷின் பலகையில் வைத்து எழுதுகிறேன். காரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், பொறுத்துக்கொள்.

நம்ம கிழட்டுக் கார் கொஞ்ச நாளாகவே சரியில்லை. நின்ற இடத்தில் ஓடும்போது ஜுரம் வந்த மாதிரி உடம்பெல்லாம் உதறும், சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும், கிளம்பலாம் என்று ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சே இல்லாமல் திணறி, போனால் போகிறது என்று பிறகுதான் நகரும். உங்கப்பாவுக்குத்தான் தெரியுமே, அந்தக் காரில் வேறொருத்தர் கை வைத்தால் பொண்டாட்டியைக் கடத்திக்கொண்டு போனதுபோல் முகம் ஆகிவிடும். பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி என் அலுமினியச் சட்டியில் பெட்ரோல் ஊற்றிக் கழுவினார், அந்தச் சட்டி அத்தோடு போயிற்று. ஒன்றும் சரியாகவில்லை. வழக்கம்போல் நான் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும், அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ரேஸ் குடு, விடு, ரேஸ் குடு, விடு என்று சொல்லச் சொல்ல நான் மிதித்து மிதித்து விட வேண்டும். தையல் மிஷின் மிதித்துப் பழகிய கால் என்பதால் கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு அந்த உத்தியோகம்.

உஸ் என்று ஒரு சத்தம் வருகிறது, எங்கேயோ காற்று போகிறது என்று அவரிடம் சொன்னேன். அதெல்லாம் உன் காதுல என்று சொல்லிவிட்டார். மறுபடியும் சொன்னேன், கோபித்துக்கொண்டார். கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டிவிடுகிற திருகாணியைத் திருகிக்கொண்டே போனார், அப்படியும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகச் சோக்கைப் பாதி இழுத்தபடியே வைத்தார். வண்டி என்னவோ ஓடியது, பின்னால் கரி கரியாகப் புகை. அதோடு, தெருச் சத்தத்தில் இன்ஜின் சத்தம் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லி ஷெட் கதவைச் சாத்தச் சொன்னார். நானும் சாத்தினேன். காது வைத்துத்தான் டியூனிங் பார்க்கணும், உனக்கு என்ன தெரியும் என்பார். தினமும் சாத்திய ஷெட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும், நடுவில் அந்த இன்ஜினும். வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் மண்டையைப் பிளக்கும், அவர் ஒருநாள் வாந்தியும் எடுத்தார். டாக்டரிடம் போனோம், தலைவலி என்று மட்டும் சொன்னோமே தவிர ஷெட்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிரஷர் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அன்றைக்குச் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது, சாப்பிட்ட அசதி என்று நினைத்தேன். ரேஸ் குடு என்ற குரல் கொஞ்ச நேரமாக வரவில்லை என்பதே மெதுவாகத்தான் உறைத்தது. எட்டிப் பார்த்தால் இன்ஜின் மேல் கவிழ்ந்தபடி கிடக்கிறார், கை மட்டும் ரேடியேட்டர் பக்கம் தொங்குகிறது. சாவியைத் திருப்பி நிறுத்தியது நினைவிருக்கிறது, கதவைத் தள்ளியது நினைவிருக்கிறது, கத்தினேனா என்று தெரியவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பியவள் ஓடி வந்து அவரைத் தெருவுக்கு இழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். கார்ப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு ஒன்று இருக்கிறதாம், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இரண்டு பேரையுமே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியதுதான் என்று அந்த டாக்டர் முகத்துக்கு நேரே திட்டினார். அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது, டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். போகப் போகக் குறையலாம் என்கிறார்கள், குறையும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

வயிறு எரிகிற விஷயம் இனிமேல்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய முதுகுப் பக்கம் நின்று மூச்சை இழுங்க என்றார், அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சத்தமாகச் சொன்னார், அப்போதும் அப்படியே. மயக்கம் தெளியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். ஒரு காது சுத்தமாகப் போய்விட்டதாம், இன்னொன்றிலும் மிச்சம் கொஞ்சம்தானாம். இது புகையால் வந்தது இல்லை, வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். அச்சாபீஸில் மிஷின் பக்கத்திலேயே காலம் முழுக்க நின்றவர் என்றேன், தலையை ஆட்டினார். கூடவே இருக்கிற உங்களுக்கா தெரியல என்று கேட்டார். தெரியவில்லையே. நான் எப்போதும் அவர் முகத்துக்கு நேராக நின்று சண்டை போடுகிறவள், என் வாயைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறார். போனில் வாய் எங்கே இருக்கிறது? நீ பேசினால் ஆமா ஆமா, சரி சரி, அம்மாகிட்டக் குடுக்கறேன், அவ்வளவுதான். இப்போது புரிகிறதா, அன்றைக்கு நீ கேட்டது அவருக்குப் போய்ச் சேரவே இல்லையடி.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தள்ளிப் போட்டேன். அதற்குள் காரே சொல்லிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே ஒரு மெக்கானிக்கை வரச்சொல்லிப் பார்க்கச் சொன்னேன். உஸ் சத்தம் வந்த இடத்தில் ஒரு ரப்பர் டியூப், அடிப்பக்கம் நீளமாக வெடித்து, வேண்டாத காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. விரலால் அதை அழுத்தினதும் இன்ஜின் உதறல் நின்றுவிட்டது. டியூபை மாற்றி, உங்கப்பா திருகித் திருகி வைத்ததையெல்லாம் பழையபடி வைத்து, வண்டியை வெளியே நிறுத்திவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்து, உதறல் இல்லாமல், திணறல் இல்லாமல் அவ்வளவு அமைதியாக ஓடுகிறது. அவர் இன்னும் ஸ்டார்ட் ஆகலையே என்று சொல்லிக்கொண்டு ஓடுகிற இன்ஜினில் மறுபடி சாவியைத் திருப்பினார். கர்ரென்று உள்ளே பல்சக்கரம் அரைத்தது, கூலி வாங்க வந்திருந்த மெக்கானிக் ஐயோ சார் என்று ஓடி வந்தார். அப்பா மெக்கானிக் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கி வந்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மேல் நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அந்த உதறலை வைத்துத்தான் இத்தனை நாளும் வண்டி ஓடுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார், சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. உனக்கு எப்பத் தெரியும், எதுக்கு மறைச்சே என்று பாய்வார், டாக்டர் சொன்னதையெல்லாம் கொட்டிவிடலாம் என்று நானும் தயாராக நின்றேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நம்ம பொண்ணு போன்ல ஏதாவது கேட்டு நான் மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கேனா, அதனாலதான் அவ கூப்பிடறதில்லையா என்றார். அவர் எதிரில் போய் நின்று, நீங்க எப்பவும் நல்லாத்தான் பேசினீங்க, அவளுக்கு வேலை ஜாஸ்தி என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

காதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கலாம் என்கிறார்கள், கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், முரண்டு பிடிப்பார், பிடிக்கட்டும். நீங்களும் அந்த ஊர்க் குளிர் என்று சொல்லிக்கொண்டு ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள், மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல். தலை வலித்தால் மாத்திரையைத் தேடாதே, முதலில் ஜன்னலைத் திற. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றே ஒன்று மறக்காதே. இன்னும் எம்மேல கோவமா என்று கேட்டாயே, அதை அப்படியே ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதி அவர் பெயருக்கே தபாலில் போடு. அந்தக் கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா