புல்வெளிக் கோயிலுக்கு ஒரு பலகை

ரொறன்ரோ
10 மார்ச் 1996

அன்புள்ள தம்பி நேசன்,

தொலைபேசி எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து இருந்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். பாரிசவாதம் வந்தபின் அவருக்கு இடது பக்கம் இன்னும் சரியாக வழங்கவில்லை. நான் கடைக்குப் போவதென்றாலும் கீழ்வீட்டு பேர்ணடெற்றைக் கூப்பிட்டு இருத்திவிட்டுத்தான் போகவேண்டும்.

வினிபெக்கில் ஒரு கல்லூரி, ஒரு வருடத்துக்கு வரலாறு கற்பிக்க என்னைக் கேட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வகுப்பறையை விட்டபின் வந்த முதல் அழைப்பு. இந்த வயதில் இரண்டாவது வராது. ஜூனுக்குள் பதில் சொல்லவேண்டும். அம்மாவை அவ்வளவு தூரம் கொண்டுபோக டொக்டர் சம்மதிக்கவில்லை. "ஆளுக்கொரு வருஷம் பாப்பம் அக்கா" என்று சொன்னவன் நீ. ஐந்து வருடமாக என்னுடைய வருஷமே நடக்கிறது. போதகர் நீ இல்லாமல் உன் கோயில் ஒரு வருடம் பிழைக்காதா?

நான் உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசி எடுத்து, உன் கோயிலுக்கென்று பால்மாத் தகரப் பேணியில் போடுகிறார். "டகோட்டாவில ஆருக்கம்மா அரிசி?" என்றேன். "அது கர்த்தருக்கு. நீ உன்ர கறியைப் பார்" என்றார்.

உன் அக்கா
அருள்மலர்


தெற்கு டகோட்டா
2 ஏப்ரல் 1996

அன்பு மிகுந்த அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இன்னும் பனி உருகவில்லை. மந்தையை விட்டுவிட்டு நான் எப்படி வருவது? அதுவும் இந்த வருடம் எங்கள் கோயிலுக்கு முன்னால் வரலாற்றுப் பலகை நாட்டப் போகிறார்கள். இந்தப் புல்வெளியில் காரில் போனால் சந்திக்குச் சந்தி அப்படிப் பலகைகள். நோர்வேயிலிருந்து பயிர்செய்ய வந்த கமக்காரர் தரையைப் புல்லோடு கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி முதல் கோயிலைக் கட்டினார்கள், மழை ஒழுகப் போதகர் குடை பிடித்தபடி பிரசங்கித்தார், இப்படி. எங்களுடையது 1884இல் கட்டியது. வாசகம் எழுத என்னைக் கேட்டார்கள். நீங்கள் அல்லவா வரலாறு படித்தவர், சுருக்கமாக எழுதித் தாருங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள், சந்தோசப்படுவார்.

வினிபெக் விஷயம் பிறகு பார்ப்போம்.

அன்புத் தம்பி
தேவநேசன்


ரொறன்ரோ
5 மே 1996

தம்பி,

அம்மாவிடம் சொன்னேன். தமிழ் ஆராதனைக்கு வந்த அத்தனை பேரிடமும், "என்ர மோன்ர கோயிலுக்கு அமெரிக்கன் கவர்மென்ற் பட்டயம் குடுக்குது" என்று சொல்லி முடித்துவிட்டார். எங்கள் ஆட்களுக்குக் கல்லில் பெயர் வெட்டினால் அது கௌரவம்தான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு நூலகத்தில் உங்கள் பக்கத்துப் பலகைகளைத் தொகுத்த புத்தகம் ஒன்று எடுத்து வாசித்தேன். அந்த நிலத்தில் முதலில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒன்றுமே சொல்லவில்லை. அது இருக்கட்டும். அநேகமாக எல்லாப் பலகையிலும் சபை தொடங்கிய வருடமும் கலைந்த வருடமும் இருக்கின்றன. இன்னும் மணி அடிக்கிற கோயிலைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது.

நீ கேட்ட வாசகம் இது: "நோர்வே கமக்காரர் 1884இல் கட்டிய கோயில். ........ வரை சபை இங்கே கூடியது. கடைசிப் போதகர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்."

இடைவெளியை நீ நிரப்பு. போன ஞாயிறு உன் பிரசங்கத்துக்கு யார் வந்தார்கள், நேசன்?

அக்கா


தெற்கு டகோட்டா
20 மே 1996

அக்கா,

1995 என்று போடுங்கள். டிசம்பரில், நத்தாரோடு பூட்டினோம். கடைசி ஆராதனைக்கு ஓர்கன் வாசிக்கிற கிளடிசும், காது கேளாத அவருடைய தமையனும் வந்தார்கள். முழுப் பிரசங்கமும் செய்தேன். முடிய, கிளடிஸ் சொன்னார்: "நல்லாயிருந்தது பாஸ்டர். ரெண்டு பேருக்குக் கொஞ்சம் நீளம்."

போதகர் வீட்டை விற்றுவிட்டார்கள். கிளடிஸ் வீட்டு நிலவறையில் இருக்கிறேன். ஜூலையோடு விசா முடிகிறது. எல்லையில் பஃபலோவுக்கு வந்து, கனடாவுக்குப் பாலம் கடந்து, அகதி என்று கேள் என்பீர்கள். போதகராகப் புறப்பட்டவன் அம்மாவுக்கு முன்னால் அகதியாக வந்து நிற்பதா? அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம்.

நேசன்


ரொறன்ரோ
9 ஜூன் 1996

நேசன்,

நானும் அந்தப் பாலத்தால் வந்தவள்தான். பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவள் என்று அங்கே ஒருவரும் எழும்பி நிற்கவில்லை. குளிராக இருந்தது. பிறகு உட்கார ஒரு கதிரை தந்தார்கள்.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. "கோயில் பூட்டியாச்சம்மா. நேசன் இஞ்ச வாறான்" என்றேன்.

"அப்ப கோயிலை இனி ஆர் பாக்கிறது?"

"பலகை பாக்கும்."

"பலகை செபம் பண்ணுமோடி?" என்று என்னை ஏசினார். பிறகு, "பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறானோ?" என்றார். அகதி என்ற பேச்சே வரவில்லை. அந்த வெட்கம் உன்னுடையது மட்டும்தான்.

கல்லூரிக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டேன். ஆகஸ்ட் கடைசிக்கு பஸ் டிக்கற் எடுத்தாயிற்று. நீ வராவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருப்பேன். அம்மாவைத் தனியே விடமாட்டேன் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதை நம்பித்தானே இவ்வளவு காலமும் அங்கே இருந்தாய்.

எந்த நாள் என்று மட்டும் எழுது. பேர்ணடெற்றின் புருஷன் காரோடு வந்து நிற்பார்.

அருள்மலர்


ரொறன்ரோ
30 ஆகஸ்ட் 1996

தம்பி,

இதையும் கிளடிசின் விலாசத்துக்கே போடுகிறேன். பலகை நாட்டிய மறுநாள் நீ பெட்டியோடு புறப்பட்டுவிட்டாய், எங்கே என்று சொல்லவில்லை என அவர் எழுதியிருந்தார். படமும் அனுப்பியிருந்தார். நல்ல பலகை. யாழ்ப்பாணத்துப் போதகர் என்ற வரி அதில் இல்லை. அதை எடுத்துவிடச் சொன்னது நீதானாம்.

இன்று டிக்கற்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரவில் கதவுக்குச் சங்கிலி போட அம்மா விடுவதில்லை. "அவன் வந்தா ஆர் துறக்கிறது?" என்கிறார்.

"நான் இருக்கிறன்தானே அம்மா" என்றேன்.

அக்கா