நீங்கள் கதை சொன்ன படம்

ரங்கூன், 1927

லான்மடாவ் தெருவில் நம் வீட்டுக்கு வழி மறந்துபோனவருக்கு,

திரையோரம் நின்று நீங்கள் கதை சொல்லும் அந்த ஜெர்மன் படத்துக்கு நேற்று பக்கத்து வீட்டுப் பவுனம்மாளோடு வந்திருந்தேன். பெண்கள் பக்கம் இருட்டு. உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வராத புருஷனுக்குத் தினமும் சாப்பாடு எடுத்துவைத்துக் காத்திருக்கிறாள் அந்த வெள்ளைக்காரி. கடைசியில் அவன் நாற்காலியில் நாயை உட்காரவைத்துப் பரிமாறுகிறாள். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுகை வரும்வரை.

“இவள் வாய்க்குப் பயந்துதான் அவன் ஓடினான்” என்றீர்கள். கைதட்டினார்கள். படத்தில் அவள் வாயே திறக்கவில்லை. அவன் இன்னொருத்தி வீட்டுக்குப் போவதையும் காட்டினார்கள். அப்போது மட்டும் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

படம் பார்க்கலாமா என்று தெருவில் கேட்கிறார்கள். அவசியம் பாருங்கள், காதைப் பொத்திக்கொண்டு பாருங்கள் என்றேன்.

இப்படிக்கு,
இதுவரை வாய் திறக்காதவள்