உங்கள் அமெரிக்க வக்கீலின் மகள்

என்றும் என் அன்புக்குரிய அப்பாவுக்கு,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. முன்னறையில் உங்கள் மேஜை அப்படியேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் புதிதாக விசைத்தறி போட்டிருக்கிறார்கள். நீங்கள் இருந்தால் அந்தச் சத்தத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருப்பீர்கள்.

நீங்கள் எழுதி வைத்த நோட்டுகளைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று உங்கள் கோர்ட்டு சிநேகிதர்கள் கேட்கிறார்கள். அதனால் ஒரு மாதமாக, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உங்கள் அமெரிக்க வக்கீலோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று உங்களுக்குத் தெரியுமா அப்பா?

மதுரையிலிருந்து தன் ஊருக்குத் திரும்பிய மிஷன் துரை ஒருவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன இங்கிலீஷ் புத்தகம், அந்த வக்கீலின் வாழ்க்கை வரலாறு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் பொழுது சாயும்வரை அதைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். நான் வாசலில் வந்து நிற்பதுகூடத் தெரியாது. அம்மா ஒருநாள், "ஒங்க அமெரிக்காக்காரருக்கும் சேத்து உலை வைக்கவா?" என்று கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் சொல்லிச் சொல்லி அவர் கதை எனக்கு மனப்பாடம். சோளக்காட்டில் வளர்ந்தவர். ஒரு வக்கீலின் ஆபீசைப் பெருக்கிக்கொண்டே சட்டம் படித்தவர். ரயில்வேயில் கை போன தொழிலாளிக்காகக் கம்பெனியை எதிர்த்து வாதாடி ஜெயித்தார். அந்தப் பேரிலேயே சட்டசபைக்குப் போனார். குழந்தைகளைப் பஞ்சாலை வேலைக்கு வைக்கக் கூடாதென்று மசோதா கொண்டுவந்தார். மில்காரர்கள் சேர்ந்து அடுத்த தேர்தலில் தோற்கடித்தார்கள். மறுநாள் காலை பழையபடி கோர்ட்டுக்குப் போனார்.

அந்த 'மறுநாள் காலை'யைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் தழுதழுக்கும். நான் பி.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கிய அன்று தழுதழுத்ததா?

அன்றுதான், உங்களைப் போல நானும் சட்டம் படிக்கட்டுமா என்று கேட்டேன். "அங்கன ஆம்பளக் கூட்டத்துல நீ எங்க போயி நிப்ப மக்கா? டீச்சர் டிரெயினிங் போ," என்றீர்கள். போனேன்.

உங்கள் நோட்டில் ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு பதினொன்று வருகிறது. இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பத்தாவது முழுக்க அவர் மகளைப் பற்றியது. தேர்தலில் தோற்ற வருஷம் அவளைத் தன் ஆபீசிலேயே சட்டம் படிக்கவைத்தார். பெயர்ப்பலகையில் தன் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினார். முதல் வழக்கில் அவள் எழுந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் தன் நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

இத்தனை வருஷமும் ஆள் மாறிப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

நோட்டின் கடைசித் தாளில் அந்த அத்தியாயத்தின் முதல் வரியை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்திருக்கிறீர்கள். 'அவருக்கு ஒரே மகள்.' அதற்குமேல் ஏன் போக முடியவில்லை? என் நினைப்பு வந்ததா? வெறும் சோர்வுதானா?

உங்கள் குமாஸ்தா சாமுவேல் அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அய்யா விட்டத நாமளும் விட்ருவோம்மா. போட்டா ஊர்ல கேப்பாவ, சொந்த மவள மட்டும் ஏன் வக்கீலாக்கலன்னு."

அவர் பயம் நியாயம்தான். உங்கள் பெயருக்கு ஒரு குறை வர எனக்கும் மனமில்லை.

ஆனால் போன வாரம் கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணைப் பார்த்தேன். சிவகிரிக்காரியாம். அவளுடைய டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னால் அவள் அப்பா வந்தார். வேட்டியில் வயல் சேறு. நாற்பத்து மூன்று வயதில், ரோட்டில் நின்று அந்த டிபன் கேரியரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வீட்டுக்கு வந்து பத்தாவது அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அடித்த வரியை அடிக்காமல் எழுதியிருக்கிறேன். அதற்கடுத்த வரியிலிருந்து தமிழ் என்னுடையது. புத்தகம் அந்த அத்தியாயத்தோடுதான் வரும். அதை எழுதியது யார் என்றும் அடியில் இருக்கும்.

ஊர் கேட்டால் நானே எழுந்து பதில் சொல்வேன். உங்கள் தரப்பில் நிற்பேனா, எதிர்த்தரப்பிலா என்று இப்போது தெரியவில்லை. எதையும் மறைக்காமல் பேசுவேன். அந்த வாக்கை மட்டும் உங்களுக்குத் தருகிறேன்.

உங்களுக்கும் ஒரே மகளான,
கிரேஸ்
சங்கரன்கோவில்